துடுப்பைக் கீழே வைத்தவள்

அத்தை கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கி நான் பார்த்ததில்லை. காலையில் பரிசல்கள் திரும்பும் நேரத்தில் மற்றப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீருக்குப் போய்ப் பரிசலின் விளிம்பைப் பிடித்து இழுப்பார்கள். அத்தை, அலை வந்து தொடுகிற இடத்தில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். பரிசல் அவளிடம்தான் வர வேண்டும்.

அத்தை என்று சொன்னாலும் நேர் உறவு கிடையாது. என் அப்பா அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டார், எனக்கு அத்தையாகிவிட்டாள். எங்கள் குடியிருப்பில் முக்கால்வாசி உறவுகள் அப்படி வந்தவைதான். பல இடங்களிலிருந்து மீனுக்காக வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். ஏரியூரைத் தாண்டி, மேட்டூர் அணையின் தண்ணீர் எட்டித் தேங்குகிற மேட்டில் வீடுகள். மேலே ராகியும் கடலையும் போடுகிற விவசாயக் குடும்பங்களின் காடு. அவர்களுக்கு நிலம் இருந்தது, எங்களுக்குத் தண்ணீர் இருந்தது. தண்ணீரைப் பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது என்பது மட்டும்தான் வித்தியாசம் என்று அப்பா சொல்வார்.

பரிசலுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் துடுப்புப் போட்டால்தான் ஒருவர் வலை விட முடியும். எங்கள் பக்கத்தில் வலை புருஷனுடையது, துடுப்பு பெண்டாட்டியுடையது. சாயங்காலம் போய் வலையை விட்டுவிட்டு வருவார்கள், விடிவதற்கு முன்னால் போய் எடுப்பார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணின் தோளைப் பார்ப்பார்கள். அத்தையையும் தோளைப் பார்த்துத்தான் மாமா வீட்டில் கட்டிக்கொண்டு வந்தார்களாம். காற்று எதிர்த்து அடிக்கும்போதுகூடப் பரிசலைச் சுற்றவிடாமல் நேராகக் கொண்டுபோவாள் என்று கிழவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆகவே தண்ணீருக்குப் பயந்தவள் என்று அவளைச் சொல்ல வழியில்லை.

மூன்றாவது குழந்தை கலா பிறந்த பிறகுதான் அவள் துடுப்பைக் கீழே வைத்தாள். குழந்தைக்குச் சில மாதங்கள் ஆனதும் மாமா கூப்பிட்டிருக்கிறார். தலை சுற்றுகிறது என்றாள். அடுத்த முறை கூப்பிட்டபோது இடுப்பு வலி. அதற்கடுத்து, கனவில் சாமி வந்து தண்ணீருக்குப் போகாதே என்று சொன்னதாகச் சொன்னாள். மாமியார் பூசாரியிடம் கேட்டுவர, சாமி அப்படிச் சொல்லவில்லை என்று தெரிந்தது. அத்தை அதற்கும் சண்டை போடவில்லை. "அப்ப வேற சாமியா இருக்கும்" என்றாள்.

முடியாது என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. அவளுக்கு மறுக்கத் தெரியும், மறுக்கிறேன் என்று சொல்லத் தெரியாது. கேட்கிறவர் களைத்துப்போகும்வரை காரணங்களைக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். ஒரு காரணத்தை இரண்டாம் தடவை சொல்லமாட்டாள். "உங்கத்தைக்கு வராத நோவு ஒண்ணே ஒண்ணுதான். வாய்நோவு" என்று என் அம்மா சிரிப்பாள். அம்மா தினமும் துடுப்புப் போட்டவள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் எரிச்சலும் இருக்கும்.

மாமா சில மாதங்கள் கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தார். வருகிற மீனில் பாதி அந்த ஆளுக்குப் போயிற்று. பிறகு ஒருநாள் காலையில் மாமாவின் பரிசலிலிருந்து அவருடைய மூத்த மகள் மாதம்மா குதித்து இறங்கினாள். அப்போதுதான் எட்டாவது முடித்திருந்தாள். யாரும் யாருக்கும் எதுவும் அறிவிக்கவில்லை. அத்தை எப்போதும் நிற்கிற இடத்தில்தான் அன்றும் நின்றிருந்தாள். மகள் அள்ளிக் கொடுத்த மீனைக் கூடையில் வாங்கிக்கொண்டாள். "கை எரியுதா?" என்று கேட்டாள். "இல்ல" என்றாள் மாதம்மா. அவ்வளவுதான். மாதம்மாவின் பள்ளிப் பையில் அடுத்த ஜூன் மாதம் அவள் தம்பி சக்திவேலின் புத்தகங்கள் இருந்தன.

பள்ளி திறக்கிற காலம்தான் எங்களுக்குக் கெட்ட காலம். கோடையில் அணை வற்றி, தண்ணீர் கீழே கீழே இறங்கிப்போகும். வீட்டு வாசலுக்குக் கிட்டே இருந்த தண்ணீரைப் பார்க்க மைல் கணக்கில் நடக்க வேண்டியிருக்கும். குடியிருப்பே தண்ணீர் பின்னால் போகும். அணையின் அடியில் காய்ந்து வெடித்த வண்டல் மண்ணில் கம்பு நட்டுத் தார்ப்பாய் போட்டுக் குடிசை. அடுப்பு, கோழி, பிள்ளைகள் எல்லாமே கீழே போய்விடும். மேலே மழை பெய்து தண்ணீர் ஏறும்வரை அங்கேதான். சில வருடம் அது ஆகஸ்ட் வரை இழுக்கும். அதற்குள் பள்ளியில் எங்கள் பெயர்களுக்கு நேரே வரிசையாக ஆப்சென்ட் விழுந்திருக்கும். ஓர் ஆசிரியர் எங்களைச் 'சீசன் பசங்க' என்பார். கெட்ட எண்ணத்தோடு சொன்னாரென்று சொல்லமாட்டேன். பறவைகளைப் பற்றிச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

மாதம்மா துடுப்பெடுத்த வருடத்திலிருந்து அத்தை கீழே போகவில்லை. மாமாவும் மாதம்மாவும் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவள் சக்திவேலையும் கலாவையும் வைத்துக்கொண்டு மேட்டு வீட்டிலேயே இருந்தாள். காலியான குடியிருப்பில் ஒரு வீட்டில் மட்டும் புகை வந்தது. அடுத்த வருடம் என் அம்மா என்னைக் கொண்டுபோய் அங்கே விட்டாள். இன்னும் சிலர் தங்கள் பிள்ளைகளை விட்டார்கள். விட்டவர்கள் எல்லாரும் படிப்பின்மேல் ஆசை வைத்து விட்டார்கள் என்று சொல்ல முடியாது. கீழே பாம்பு அதிகம்.

அவளுக்கு எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க எதுவும் தெரியாது. வீட்டுப்பாடம் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. எழுப்புவாள், குளிக்கச் சொல்வாள், ராகிக் களியோ சோறோ போடுவாள், பஸ் நிறுத்தம்வரை கூட நடந்து வருவாள். எங்கள் சட்டைகள் மட்டும் அவளுக்கு முக்கியம். யூனிபாரத்தைத் தனியாகத் துவைத்து, வலை காயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கொடி கட்டிக் காயப்போடுவாள். மடித்துத் தகரப் பெட்டிக்குள் வேப்பிலை போட்டு வைப்பாள். காலையில் ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்துப் பார்ப்பாள். சந்தேகமாக இருந்தால் அன்றைக்கு ஈரச் சட்டையோடுகூட அனுப்புவாள், மீன் வாடைச் சட்டையோடு அனுப்பமாட்டாள். வகுப்பில் எங்களைக் கடைசி பெஞ்சில் உட்கார வைக்க என்ன காரணம் சொல்லப்பட்டது என்று யார் அவளிடம் சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை.

ஒருமுறை தலைமையாசிரியரைப் பார்க்க வந்தாள். நானும் கூட நின்றிருந்தேன். எங்களில் சிலரின் பெயர்களை வருகைப் பதிவிலிருந்து எடுத்துவிடப் போவதாகப் பேச்சு வந்திருந்தது.

"இந்தப் புள்ளைங்க இனிமே நிக்காம வருங்க சார்" என்றாள்.

"வருசா வருசம் இதேதான் சொல்றீங்க. தண்ணி எறங்கினா போயிடறீங்க. நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

அத்தை யோசித்தாள். "சோறாக்கிப் போடறனுங்க."

"அப்பா அம்மா யாராவது வரணும்மா."

"அவங்க தண்ணில இருக்காங்க சார். நான்தான் மேல இருக்கறன். எதுன்னாலும் எனக்குச் சொல்லியனுப்புங்க, ஓடியாந்துடறன்."

அதற்குப் பிறகு எங்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யார் யாரை அடித்தாலும் அவளுக்குத்தான் சொல்லியனுப்பினார்கள். அவளும் ஓடி வந்தாள்.

இதையெல்லாம் கேட்கிறவர்கள் அன்பான பெண்மணி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைக்க வேண்டியதில்லை. சனி ஞாயிறில் கீழே போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று கேட்டால் விடமாட்டாள். கேட்கிறபோதெல்லாம் ஒரு காரணம் வைத்திருப்பாள். கீழே சேறு, கீழே அம்மை போட்டிருக்கிறது, உங்கம்மா இன்றைக்குப் பென்னாகரம் சந்தைக்குப் போயிருக்கிறாள். என் அம்மா சந்தைக்குப் போவதே இல்லை என்று எனக்குத் தெரியும். நான் அழுதால் அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். தலையைத் தடவிய கை என்று எதையும் அந்த வீட்டிலிருந்து நான் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

ஜெயராமன் என்று எங்களோடு ஒருவன் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கீழே இறங்கிப் போய்விட்டான். அப்படியே அவன் அப்பாவின் பரிசலில் ஏறிவிட்டான், திரும்பவில்லை. மறுநாள் அத்தை அவனுடைய யூனிபாரத்தை மடித்து அவன் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினாள். அதன்பிறகு அவன் பெயரை அவள் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. வழியில் எதிரே வந்தாலும் பேசமாட்டாள். இப்போது ஒகேனக்கல்லில் மீன் வறுவல் கடை வைத்திருக்கிறான். இரண்டு மாடி வீடு கட்டியிருக்கிறான். எங்களில் அதிகம் சம்பாதிப்பவன் அவன்தான். அதை ஒருமுறை அவளிடம் சொன்னேன். "ஞாயித்துக்கெழம கடைய மூடுவானா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம் என்றேன். "பாத்தியா" என்றாள். உயர்வு தாழ்வுக்கு அவள் வைத்திருந்த அளவுகோல் வேறு. எனக்கு மாரண்டஹள்ளிப் பக்கம் ஆசிரியை வேலை கிடைத்துச் சொல்லப் போனபோதும் சம்பளத்தைக் கேட்கவில்லை. "காத்து மழன்னா லீவு வுடுவாங்களா?" என்றாள். சில சமயம் விடுவார்கள் என்றேன். திருப்தியாக இருந்தது அவளுக்கு.

நான் ஒன்பதாவது படிக்கும்போது என் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழே குடிசையில் படுத்துவிட்டாள். அப்பாவுக்குத் துடுப்புப் போட ஆள் இல்லை. ஒரு மத்தியான வேளையில் மேட்டுக்கு ஏறி வந்தார். அன்று சனிக்கிழமை, நாங்கள் எல்லாரும் வீட்டில் இருந்தோம். மாதம்மாவும் அரிசி வாங்கிக்கொண்டு போக மேலே வந்திருந்தாள்.

"தங்கச்சி, புள்ளய அனுப்பு. உங்கண்ணி எழுந்திரிக்கறவரைக்கும்தான்."

"அவளுக்குப் பரீட்ச இருக்குதேண்ணா."

எனக்குப் பரீட்சை எதுவும் இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தேன்.

"பரீட்ச முடிஞ்சி வரட்டும்."

"முடிஞ்சா ஒடனே அடுத்தது வெக்கறாங்களாம். அண்ணியக் கொண்டாந்து இங்க படுக்க வெய்யுங்க, நான் பாத்துக்கறன். கீழாநெல்லி இங்கதான் கெடைக்கும். நீங்க சாப்புடுங்க மொதல்ல."

அவர் சாப்பிட்டார். அவள் சோறு போட்டுக்கொண்டே துடுப்புக்கு யார் யாரைக் கேட்கலாம் என்று ஆள் ஆளாகச் சொன்னாள். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கோபப்படுகிற மனிதர் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"உம் பொண்ணு போறா இல்ல, தங்கச்சி? எம் பொண்ணு போனா மட்டும் என்னா?"

மாதம்மா வாசலில் அரிசி மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அத்தை சோற்றுப் பாத்திரத்தை மூடினாள். அவளிடம் காரணம் இல்லாமல் போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அவ போறா. அதனாலதான் இவ போவ வேணாம்" என்றாள்.

அப்பாவுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்கும் அன்று புரியவில்லை. மாதம்மா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, "மாமா, நேரமாவுது, போலாம் வாங்க" என்று அவரைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். மறுநாள் அம்மாவைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிவந்து அத்தை வீட்டில் படுக்க வைத்தார்கள். அம்மா தேறும்வரை மாதம்மா தன் அப்பாவுக்கும் என் அப்பாவுக்கும், இரண்டு பரிசலுக்குமாக மாறி மாறித் துடுப்புப் போட்டாள் என்று பின்னால் அம்மா சொல்லித் தெரியும்.

அப்படியாக நாங்கள் ஏறினோம். சக்திவேல் ஐ.டி.ஐ. படித்து ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனான். கலா நர்ஸ் ஆகித் தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். நான் ஆசிரியை. அந்தக் கோடை வீட்டிலிருந்து போன மற்றவர்களும் ஆளுக்கொரு இடத்தில் இருக்கிறார்கள். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அத்தைக்கு நல்ல பெயர். ஒரு பொங்கல் விழாவில் அவளுக்குச் சால்வைகூடப் போட்டார்கள். வாங்கி மடித்து மாதம்மாவிடம் கொடுத்தாள். மாதம்மா அதை வாங்கிப் பக்கத்திலிருந்த நாற்காலியில் வைத்தாள். கிளம்பும்போது எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்கள்.

மாதம்மாவைக் கட்டியவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், போன இடத்திலேயே தங்கிவிட்டான். அவள் ஒரு பெண் குழந்தையோடு அப்பாவின் பரிசலுக்கே திரும்பி வந்தாள். மாமாவுக்கு வயதாக ஆக அவர் துடுப்பைப் பேருக்குப் பிடித்து உட்கார்ந்திருக்க, வலை விடுவதும் துடுப்புப் போடுவதும் இரண்டும் அவளே என்றாயிற்று. அதைப் பற்றி அவள் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. அம்மாவும் மகளும் தேவைக்குப் பேசிக்கொள்வார்கள். உப்பு இருக்கிறதா, இருக்கிறது. காற்று எப்படி, பரவாயில்லை. ஒரு சத்தம் வராது அந்த வீட்டில்.

சில வருடங்களுக்கு முன்னால் மாமாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. அப்போதுதான் சிக்கல் வந்தது. மீனவர் சங்கத்தில் உறுப்பினர் மாமா. அந்த அட்டை இருந்தால்தான் அணையில் வலை விடலாம். வலைக்கு மானியம், இன்சூரன்ஸ் எல்லாம் அதை வைத்துத்தான். அப்பாவுக்குப் பின் மகன் என்பது வழக்கம். சக்திவேலுக்கு மறுப்பில்லை. "எம் பேர்ல மாத்திக்கலாம்மா. அக்கா எப்பவும்போல ஓட்டட்டும். நான் என்ன கேக்கவா போறன்?" என்று போனில் சொன்னான். நல்ல மனதோடுதான் சொன்னான்.

"உனக்கு நீச்சலே தெரியாதேடா" என்றாள் அத்தை.

"அட்டைக்கு எதுக்கும்மா நீச்சல்?"

"அப்பறம் பேசறன், சிக்னல் கெடைக்கல" என்று போனை வைத்துவிட்டாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது என்று கலா சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் எங்களுக்கெல்லாம் போன் போட்டாள். எனக்கு வந்தது இப்படி: "வெள்ளிக்கெழம சங்கத்துல கூட்டம். லீவு போட்டுட்டு வா. ஒண்ணும் பேச வேணாம். வந்து நில்லு."

போனோம். கோடை வீட்டில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கூப்பிடாத ஜெயராமனும் ஒகேனக்கல்லிலிருந்து பைக்கில் வந்து சற்றுத் தள்ளி நின்றிருந்தான். சங்கக் கட்டடத்துக்குள்ளே ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வெளியே புளியமரத்தடியில். அத்தை நேராக உள்ளே போய், உட்கார நாற்காலி காட்டப்பட்டும் உட்காராமல் நின்றாள். மாதம்மா கதவோரம் நின்றுகொண்டாள்.

மகள் பெயருக்கு அட்டை வேண்டும் என்று அத்தை சொன்னாள். தலைவர் பொறுமையானவர். மாமாவுக்குப் பழக்கமானவரும்கூட.

"சட்டத்துல எடம் இல்லேன்னு சொல்லலம்மா. வழக்கம் இல்ல. வல போடறவங்கதான் மீனவருங்க. துடுப்பு போடறது, அப்பனுக்குப் பதிலா வல வுடறது எல்லாம் கூடமாட ஒத்தாச. அப்பிடிப் பாத்தா எங்க வூட்டுப் பொம்பளைங்க அத்தன பேருக்கும் அட்ட குடுக்கணும்."

"குடுங்களேன்" என்று வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

இடுப்பு வலி, சாமி, சிக்னல் என்று ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எங்களைத் திரும்பிப் பார்த்து, உள்ளே வாருங்கள் என்று கையைக் காட்டினாள். போய் வரிசையாக நின்றோம்.

"இவ நர்சு. இவ டீச்சரு. அவன் ஈ.பி.ல இருக்கறான். எம் பையன் கம்பெனில இருக்கறான். நான்தான் இவங்கள ஆளாக்கினன்னு சொல்றீங்க, சால்வ போட்டீங்க. நான் சோறுதான் ஆக்கனன். அரிசி மாதம்மா துடுப்பு போட்டு வந்த அரிசி."

அவள் குரலை உயர்த்தவில்லை.

"நான் அஞ்சாவது படிக்கறப்ப எங்கப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னக் கூட்டிட்டுப் போனாரு, துடுப்பு போட. எனக்கு அது மனசுல இருந்துச்சி. எம் புள்ளைங்க கரையில இருக்கட்டும்னு நான் பரிசல வுட்டு எறங்கினன். எறங்கி, மூத்தவள ஏத்தி வுட்டுட்டன். தெரியாம நடந்துடல. அவங்கப்பா கேக்கறதுக்கு முன்ன நான்தான் சொன்னன், மாதம்மாவக் கூட்டிட்டுப் போன்னு. ஒருத்தி போனா மத்ததுங்க நிக்கும்னு நெனச்சன். நின்னுச்சிங்க. எங்கப்பா எனக்குப் பண்ணத நான் அவளுக்குப் பண்ணன். அவரு யோசிக்காம பண்ணாரு, நான் யோசிச்சிப் பண்ணன். இன்னிக்கி அவ மீனவரு இல்லேன்னு சொல்றீங்க. பள்ளிக்கூடத்துலயும் அவ பேரு இல்ல, இங்கயும் இல்ல. அப்ப இத்தன வருசம் அவ எங்கதான் இருந்தா?"

நான் மாதம்மாவைப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கேட்டுத்தான் அம்மா அனுப்பினாள் என்று அவள் அதுவரை நினைத்திருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தலைவர் தண்ணீர் குடித்தார். மேலே அதிகாரியிடம் எழுதிக் கேட்கிறேன், கூட்டத்தில் யாருக்கும் மறுப்பு இல்லையே என்றார். ஒருவர் ஏதோ சொல்ல எழுந்தார், பக்கத்தில் இருந்தவர் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அலைச்சலுக்குப் பிறகு, மழைக்காலத்தில் மாதம்மா பெயருக்கு அட்டை வந்தது. பக்கத்து வீட்டு முனியம்மா அவளுக்குத் துடுப்புக்கு வந்தாள். மீனைச் சரி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்த அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடையில் உட்கார்ந்தோம். அத்தை, மாதம்மா, கலா, நான். மாதம்மாதான் ஆரம்பித்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"எத?"

"பரிசலுக்குப் போறயான்னு."

அத்தை டீயை ஆற்றினாள். "கேட்டிருந்தா என்னா சொல்லியிருப்ப?"

"மாட்டன்னுதான் சொல்லியிருப்பன்."

"அதான் கேக்கல."

"மாட்டன்னு சொல்லியிருந்தாலும் அனுப்பியிருப்ப. அழுதுகினே போயிருப்பன். அது வேற" என்றாள் மாதம்மா. "கேட்டிருக்கணும்."

அத்தை டீயைப் பெஞ்சில் வைத்தாள். குடிக்கவில்லை. கலா அழ ஆரம்பித்தாள். மற்ற இருவரும் அழவில்லை. பஸ் வந்தது, ஏறினோம்.

அத்தை அதற்குப் பிறகு இரண்டு வருடம்தான் இருந்தாள். மாமாவையும் கூட்டிக்கொண்டு தருமபுரிக்கு வந்து தன்னோடு இருக்கச் சொல்லிக் கலா எத்தனையோ தடவை கூப்பிட்டாள். அவள் மாதம்மாவோடுதான் இருந்தாள். அந்த இரண்டு வருடமும் இருவரும் ஓயாமல் சண்டை போட்டார்கள். குழம்பில் புளி அதிகம் என்று சண்டை, பேத்தியை ஹாஸ்டலில் சேர்ப்பதா வேண்டாமா என்று சண்டை, கோழிக்கு, கொடிக்கயிற்றுக்கு, பழைய கதைக்கு. மெயின் ரோட்டில் இறங்கும்போதே சத்தம் கேட்கும். அதற்கு முன்னால் அவர்கள் சண்டை போட்டு நான் கேட்டதே இல்லை.

ஒருநாள் கலாவும் நானும் போயிருந்தபோது வாசலிலேயே நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கலா பதறிப்போய் நடுவே புகுந்து, "அக்கா, வுடுக்கா. வயசானவங்க, பாவம்" என்றாள்.

மாதம்மா அவளைக் கையால் ஒதுக்கி நிறுத்தினாள். "நீ சும்மா இரு கலா. இது எங்களுக்குள்ள" என்றாள்.

அத்தையும் அதற்குத் தலையை ஆட்டினாள்.